குறைநீரில் நிறைதூய்மை

நுழையும்முன்

ஆற்றங்கரையில் கல்லும் கையுமாக நடைபெற்ற வெளுப்புத்தொழில், இன்று வீட்டின் ஒரு மூலையில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நடைபெறுகிறது. கருவி மாறியிருக்கிறது, அழுக்கு அகல்வதற்கு அடிப்படையான அறிவியல் மாறவில்லை. குறைந்த நீரைக்கொண்டு துணியைத் தூய்மையாக்கும் உயர்திறன் சலவை இயந்திரம் எவ்வாறு இயங்குகிறது? அதற்கேற்பத் துணிகளை எவ்வாறு ஆயத்தம் செய்வது? இவற்றை விளக்குகிறது இப்பாடம்.

வெளுப்புக் கலை

ஆடை நெய்யக் கற்ற மனிதன், அதை வெளுக்கவும் கற்றான். சங்ககாலத்தில் ஆடை வெளுக்கும் பெண் ‘புலைத்தி’ எனப்பட்டாள். களர்நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் அவள் துவைத்தளித்த தூய ஆடையைப் புறநானூற்றுப் பாடல் ஒன்று சுட்டுகிறது. ஆடைக்குக் கஞ்சிப்பசை ஊட்டும் வழக்கத்தைக் குறுந்தொகை காட்டுகிறது. களர் என்பது காரத்தன்மை மிகுந்த நிலம். காரம் அழுக்கை இளக்கும் என்னும் வேதியியல் உண்மை, வேதியியல் என்னும் சொல் பிறப்பதற்கு முன்பே நம்மவர் கைப்பழக்கத்தில் இருந்தது.

அக்கைப்பழக்கத்தின் வளர்ச்சியே வெள்ளாவி. உவர்மண் கரைசலில் தோய்த்த துணிகளைப் பெரிய பானையின்மேல் அடுக்கி, அடியில் நெருப்பிட்டு இரவு முழுதும் நீராவியில் வேகவைப்பர். விடிந்ததும் துறைக்குக் கொண்டுசென்று, கல்லில் அடித்து, ஓடும் நீரில் அலசி, வெயிலில் உலர்த்துவர். எந்தத் துணி ஆவியைத் தாங்கும், எது சாயம் விடும், எதைக் கல்லில் அடிக்கலாகாது என்பதெல்லாம் வெளுப்போர் அறிந்திருந்தனர். எவர் வீட்டுத் துணி என்பதை மறவாதிருக்கச் சேங்கொட்டைச் சாற்றால் குறியிட்டனர். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் துணி வெளுத்தோர் வாழ்ந்த பகுதியே சென்னையில் வண்ணாரப்பேட்டை எனப் பெயர்பெற்றது. பலரது உழைப்பால் வளர்ந்த இவ்வறிவைத் தெரிந்துகொண்டால், இன்றைய இயந்திரத்தைப் புரிந்துகொள்வது எளிது.

நான்கு காரணிகள்

1959-ஆம் ஆண்டு ஹெர்பர்ட் சின்னர் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர், தூய்மையாக்கும் செயல் எதுவாயினும் அது நான்கு காரணிகளைச் சார்ந்தது என விளக்கினார். வேதிப்பொருள், வெப்பம், இயக்கவிசை, நேரம் என்பன அவை. ஒரு வட்டத்தின் நான்கு பகுதிகளாக இவற்றைக் காட்டுவதால் இது ‘சின்னர் வட்டம்’ எனப்படுகிறது. ஒரு பகுதி சுருங்கினால் மற்றவை விரியவேண்டும். வட்டம் மட்டும் நிறைந்திருத்தல் வேண்டும் என்பதே இதன் கருத்து.

வெள்ளாவியை இவ்வட்டத்தில் பொருத்திப் பார்க்கலாம். உவர்மண் வேதிப்பொருள், நீராவி வெப்பம், கல்லில் அடித்தல் இயக்கவிசை, ஓர் இரவு முழுவதும் காத்திருத்தல் நேரம். இவை நான்கையும் இணைக்கும் ஊடகம் நீர். துறையில் வெளுத்தவர்களுக்கு ஓடும் நீர் தாராளமாகக் கிடைத்தது. இன்று வீடுகளில் அந்நிலை இல்லை. 2019-ஆம் ஆண்டுக் கோடையில், சென்னைக்குக் குடிநீர் வழங்கும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. குடங்களுடன் மக்கள் லாரிகளை எதிர்பார்த்து நின்றனர். அத்தகைய சூழலில் ஒரு முறை துணி துவைக்க நூறு லிட்டருக்கு மேல் நீரைச் செலவிடுவது எளிதில் ஏற்கத்தக்கதன்று.

மேற்பக்கம் திறக்கும் பழைய வகை இயந்திரங்கள் தொட்டி நிறைய நீரை நிரப்பித் துணிகளை அதில் மிதக்கவிட்டுச் சுழற்றுபவை. ஒரு முறை துவைத்து அலசி முடிக்க அவற்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் நீர் தேவைப்படும். முன்பக்கம் திறக்கும் உயர்திறன் இயந்திரம் அதே பணியை ஏறத்தாழ 50 முதல் 70 லிட்டரில் முடித்துவிடுகிறது. முறைக்கு 60 லிட்டர் மிச்சம் எனவும், வாரம் நான்கு முறை துவைப்பதாகவும் கொண்டால், ஓராண்டில் ஒரு வீடு மிச்சப்படுத்தும் நீர் ஏறத்தாழ 12,500 லிட்டர். அது ஒரு பெரிய தண்ணீர் லாரியின் கொள்ளளவு.

உருளையின் இயக்கம்

உயர்திறன் இயந்திரத்தின் உள்ளே துளைகள் நிறைந்த எஃகு உருளை கிடைமட்டமாக அமைந்திருக்கும். அதன் அடிப்பகுதியில் மட்டுமே நீர் நிற்கும். உருளையின் உட்சுவரில் உள்ள மேடுகள் துணிகளை மேலே தூக்கிச் செல்லும்; உச்சியை நெருங்கும்போது துணிகள் தம் எடையால் கீழே விழும். நனைந்த துணி நீரில் மோதி விழும் இச்செயல், கல்லில் அடிப்பதன் மென்மையான வடிவமே ஆகும். எனவே துணிகள் மிதக்கவேண்டியதில்லை. நன்கு நனைந்திருந்தால் போதும்.

உருளை எவ்வளவு வேகத்தில் சுழலவேண்டும் என்பதை இயற்பியலின் வட்ட இயக்கம் கூறும். உருளையின் ஆரம் 24 செ.மீ. எனக் கொள்வோம். நிமிடத்திற்கு ஏறத்தாழ 60 சுற்றுகளைத் தாண்டினால், தேவைப்படும் மையநோக்கு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைவிட மிகுதியாகிவிடும். அப்போது துணிகள் கீழே விழாமல் உருளைச் சுவரோடு ஒட்டிச் சுழலும். ஆகவே, துவைக்கும்போது உருளை அதைவிடக் குறைந்த வேகத்திலேயே சுழல்கிறது. நீரைப் பிழியும்போதோ துணிகள் சுவரோடு ஒட்டவேண்டும். நிமிடத்திற்கு 1000 சுற்றுகள் சுழலும்போது முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 270 மடங்கு ஆகிறது. துணியில் தங்கிய நீர் துளைகளின் வழியே வெளியேறிவிடுகிறது.

இவ்வியந்திரம் துவைத்து முடிக்க ஒரு மணிநேரத்திற்கு மேலும் எடுத்துக்கொள்வதைக் கண்டு பலர் சலித்துக்கொள்வர். நீரும் விசையும் சுருங்கியதால் நேரம் விரிந்திருக்கிறது. சின்னர் வட்டத்தை நினைவிற்கொண்டால் இது குறையன்று, கணக்கு என்பது விளங்கும்.

அலசுதலின் கணக்கு

இவ்வளவு குறைந்த நீரில் சவர்க்காரம் முழுமையாக நீங்குமா என்னும் ஐயம் இயல்பானது. இதற்கு எளிய கணக்கு ஒன்று விடை தருகிறது.

பிழிந்த பின்னரும் துணியில் 5 லிட்டர் சவர்க்கார நீர் தங்கியிருப்பதாகக் கொள்வோம். அதில் 45 லிட்டர் தூய நீரை ஒரே முறை சேர்த்து அலசிப் பிழிந்தால், 50 லிட்டரில் 5 லிட்டர் துணியிலேயே தங்கும். ஆகவே, பத்தில் ஒரு பங்கு சவர்க்காரம் எஞ்சும். அதே 45 லிட்டரை மூன்றாகப் பிரித்து, 15 லிட்டர் வீதம் மூன்று முறை அலசினால், ஒவ்வொரு முறையும் எஞ்சுவது நான்கில் ஒரு பங்கு. மூன்று முறைக்குப் பின் எஞ்சுவது அறுபத்து நான்கில் ஒரு பங்கு மட்டுமே. நீரின் அளவு ஒன்றுதான். பகுத்துப் பயன்படுத்தியதால் பயன் ஆறு மடங்குக்குமேல் கூடியிருக்கிறது. உயர்திறன் என்பதன் பொருள் இதுவே.

நுரை தூய்மையன்று

சலவைப்பொருளின் மூலக்கூறுக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனை நீரை நாடும். மற்றது எண்ணெயை நாடும். எண்ணெயை நாடும் முனைகள் அழுக்கைச் சூழ்ந்துகொள்ள, நீரை நாடும் முனைகள் அதை நீருக்குள் இழுத்துச் செல்கின்றன. அழுக்கை நீக்குவது இச்செயலே. நுரை என்பது கரைசலில் காற்று கலப்பதால் தோன்றும் உடன்விளைவு. நுரை மிகுந்தால் தூய்மை மிகும் என்னும் எண்ணம் கைச்சலவைக் காலத்தில் வேரூன்றியது. உயர்திறன் இயந்திரத்தில் அதுவே தீங்காகிறது.

உருளைக்குள் நுரை நிறைந்தால், மேலிருந்து விழும் துணி மெத்தையில் விழுவதுபோல் மெல்ல அமரும். விசை குறையும், அழுக்கு தங்கும். மிகுநுரையை உணரும் இயந்திரங்கள் கூடுதலாக ஒரு முறை அலசும். மிச்சப்படுத்திய நீர் வீணாகும். கரையாது எஞ்சிய சவர்க்காரம் ரப்பர் விளிம்பிலும் குழாயிலும் படிந்து நுண்ணுயிரிகளுக்கு இடமளிக்க, துவைத்த துணியே நாறத் தொடங்கும். துணி நாறுகிறதே என்று இன்னும் சிறிது தூளைச் சேர்ப்பவர், நோயை வளர்க்கும் மருந்தை உண்பவருக்கு ஒப்பாவர்.

எனவே, இவ்வகை இயந்திரத்திற்கென்று நுரை குறைவாக வருமாறு உருவாக்கப்பட்ட சலவைத்தூளையோ நீர்மத்தையோ மட்டுமே பயன்படுத்தவேண்டும். உறையில் ‘பிரண்ட் லோடு’ எனக் குறிக்கப்பட்டிருப்பது அதுவே. உறையில் கூறிய அளவை அளவுக்கிண்ணத்தால் அளந்திடவேண்டும். துவைக்கும்போது கண்ணாடிக் கதவின் பாதிக்குமேல் நுரை எழுந்தால், அடுத்த முறை அளவைக் குறைக்கவேண்டும்.

நீரின் தன்மையும் அளவைத் தீர்மானிக்கும். கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த கடின நீர் சலவைப்பொருளின் ஆற்றலில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். குடிநீரின் கடினத்தன்மைக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காதபோது 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. அந்நீரில் துவைப்போருக்குச் சற்று மிகுதியாகவும், மழைநீரிலோ மென்னீரிலோ துவைப்போருக்குக் குறைவாகவும் சலவைத்தூள் தேவைப்படும்.

துணிகளை ஆயத்தம் செய்தல்

இயந்திரத்திற்குக் கண் இல்லை. சாயம் விடும் சுங்குடிச் சேலையையும் வெள்ளை வேட்டியையும் அது வேறுபடுத்தி அறியாது. வெளுப்போர் தம் கண்ணாலும் விரலாலும் செய்த தேர்வை நாமே செய்யவேண்டும். பொத்தானை அழுத்துமுன் செலவிடும் பத்து நிமிடங்களே சலவையின் தரத்தைத் தீர்மானிக்கின்றன.

பிரித்தல்: துணிகளை நிறம், இழை, அழுக்கு என்னும் மூன்று அடிப்படைகளில் பிரிக்கவேண்டும். வெள்ளை, வெளிர்நிறம், அடர்நிறம் ஆகியவை தனித்தனியே அமையவேண்டும். புதிய துணியின் ஓர் ஓரத்தை நனைத்து, வெள்ளைத் துணியால் அழுத்தி எடுத்தால் அது சாயம் விடுமா என்பது தெரிந்துவிடும். கனமான ஜீன்ஸும் மெல்லிய தாவணியும் ஒன்றாகச் சுழன்றால் மெல்லியது நைந்துபோகும். சேறு படிந்த விளையாட்டு உடையை உதறித் தனியே துவைக்கவேண்டும். குறைந்த நீரில் அச்சேறு பிற துணிகளில் படியக்கூடும்.

சோதித்தல்: சட்டைப்பைகளைத் துழாவிப் பார்க்கவேண்டும். ஒரு தாள் கைக்குட்டை கரைந்தால் துணிகளெல்லாம் வெண்துகள் படியும். நாணயமும் ஊக்கும் வடிகுழாயை அடைக்கும். இழுபட்டிகளையும் கொக்கிகளையும் மூடவேண்டும். சட்டைப் பொத்தான்களைத் திறந்துவிடவேண்டும். அச்சிட்ட ஆடைகளையும் அடர்நிற ஆடைகளையும் உட்புறம் வெளியே வருமாறு திருப்பினால் நிறம் மங்காது. காலுறை, உள்ளாடை, சால்வை போன்றவற்றை வலைப்பையில் இடுதல் நன்று.

கறை நீக்கல்: கறைக்கேற்ற முறை வேண்டும். குருதி, பால், முட்டை ஆகியவற்றின் கறைகள் புரதத்தால் ஆனவை. வெந்நீர் பட்டால் புரதம் உறைந்து இழையோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே, தண்ணீரிலேயே முதலில் அலசவேண்டும். எண்ணெய்க் கறையில் சிறிதளவு சலவை நீர்மத்தைத் தடவிக் கால் மணிநேரம் விட்டுப் பின்னர்த் துவைக்கலாம். மஞ்சள்கறை சவர்க்காரம் பட்டதும் சிவப்பாக மாறுவதைப் பலரும் கண்டிருப்பர். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் நிறம் மாறும் இயல்புடையது. துவைத்தபின் எஞ்சும் மஞ்சள் நிறத்தை வெயில் வெளுத்துவிடும்.

பட்டும் கம்பளியும்: இன்றைய சலவைத்தூள்களில் நொதிகள் கலந்துள்ளன. சலவைக்கு நொதியைப் பயன்படுத்தும் முறைக்கு 1913-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ ரோம் காப்புரிமை பெற்றார். புரதக் கறையைச் சிதைக்கும் நொதி, புரத இழைகளாகிய பட்டையும் கம்பளியையும் சிதைக்கவல்லது. சரிகையிட்ட பட்டுப்புடவையை இயந்திரத்தில் இடாதிருத்தலே நலம்.

நிரப்புதல்: 7 கிலோ இயந்திரம் என்பது உலர்ந்த துணியின் எடையைக் குறிக்கும். துணிகளை ஒவ்வொன்றாக உதறித் தளர்வாக இடவேண்டும். நிரப்பியபின் துணிகளுக்கும் உருளையின் உச்சிக்கும் இடையே ஒரு கை நுழையும் அளவு இடம் இருத்தல் வேண்டும். திணித்து நிரப்பினால் துணிகள் விழ இடமிராது. மிகக் குறைவாக இட்டால் நீரும் மின்சாரமும் வீணாகும். கனத்த போர்வை ஒன்றை மட்டும் இட்டாலோ எடை ஒரு பக்கமாகச் சாய்ந்து, இயந்திரம் பிழியாமல் நின்றுவிடும். அதனோடு சில துண்டுகளையும் சேர்க்கவேண்டும்.

தெரியுமா?

ஆடையின் உட்புறத் துணிச்சீட்டில் காணப்படும் குறியீடுகள் உலகெங்கும் பொதுவானவை. தொட்டி வடிவம் துவைத்தலைக் குறிக்கும். அதனுள் உள்ள எண் தாங்கக்கூடிய உச்ச வெப்பநிலை. தொட்டிக்குள் கை இருந்தால் கையால் மட்டுமே துவைக்கவேண்டும். முக்கோணம் வெளுப்பான் இடுதலையும், சதுரம் உலர்த்துதலையும், வட்டம் தொழில்முறை உலர்சலவையையும் குறிக்கும். இஸ்திரிப்பெட்டி வடிவத்தில் உள்ள புள்ளிகள் கூடக்கூட வெப்பம் கூடலாம் என்பது பொருள். எந்தக் குறியீட்டின்மீது பெருக்கற்குறி உள்ளதோ அச்செயலைச் செய்யலாகாது.

வெப்பமும் மின்சாரமும்

வெந்நீர்ச் சலவையில் மின்சாரத்தின் பெரும்பகுதி உருளையைச் சுழற்றுவதற்கன்று, நீரைச் சூடாக்குவதற்கே செலவாகிறது. 15 லிட்டர் நீரை 27 பாகையிலிருந்து 60 பாகை செல்சியஸுக்குச் சூடேற்ற ஏறத்தாழ 0.58 யூனிட் மின்சாரம் வேண்டும். 40 பாகை போதுமெனில் 0.23 யூனிட் போதும். நாள்தோறும் உடுத்தும் உடைகளுக்குத் தண்ணீர் அல்லது இளஞ்சூடு போதுமானது. நோயுற்றோரின் துணி, குழந்தையின் அணையாடை, படுக்கைவிரிப்பு ஆகியவற்றிற்கு மட்டும் 60 பாகையைத் தேர்ந்தெடுக்கலாம். உலர்த்துவதற்கு நம் நாட்டில் வெயில் இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை.

பேணும் முறை

சலவை முடிந்ததும் துணிகளை உடனே எடுத்து உலர்த்தவேண்டும். கதவின் ரப்பர் விளிம்பைத் துடைத்து, கதவைச் சற்றே திறந்துவைத்தால் ஈரம் காயும், பூஞ்சை படராது. சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் அவர்கள் உள்ளே நுழையாதவாறு கவனம் தேவை. சலவைத்தூள் இடும் பெட்டியையும், அடிப்பகுதியில் உள்ள வடிகட்டியையும் மாதம் ஒரு முறை கழுவவேண்டும். துணியின்றி வெந்நீரில் அவ்வப்போது ஓடவிடுதல் உருளையைத் தூய்மையாக வைக்கும். கடைசியாக அலசிய நீரை வாளியில் பிடித்துவைத்தால் தரை கழுவவும் கழிவறைக்கும் பயன்படும்.

மிச்சமாகும் நேரம்

சுவீடன் நாட்டு மருத்துவரும் புள்ளியியல் அறிஞருமான ஹான்ஸ் ரோஸ்லிங், 2010-ஆம் ஆண்டு ஆற்றிய உரை ஒன்றில் தம் வீட்டிற்குச் சலவை இயந்திரம் வந்த நாளை நினைவுகூர்ந்தார். வாழ்நாள் முழுதும் கையால் துவைத்த அவர்தம் பாட்டி, இயந்திரம் இயங்குவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாராம். தாயோ துணிகளை இயந்திரத்திலிட்டுவிட்டுச் சிறுவன் ரோஸ்லிங்கை நூலகத்திற்கு அழைத்துச் சென்றார். துணிகளை இட்டால் இயந்திரம் புத்தகங்களைத் தருகிறது என்று அவர் அதனைப் போற்றினார்.

நம் வீடுகளிலும் துணி துவைக்கும் சுமை நெடுங்காலம் பெண்கள்மீதே இருந்துவந்தது. இயந்திரம் வந்தபின்னும் பிரிப்பது, கறை பார்ப்பது, உலர்த்துவது, மடிப்பது ஆகியவற்றை ஒருவரே செய்தால், குறைந்தது கைவலி மட்டுமே. நேரம் அவருக்குக் கிடைப்பதில்லை. தன் சட்டைப்பையைத் தானே சோதித்து, தன் கறையைத் தானே சுட்டிக்காட்டி, உலர்ந்ததைத் தானே மடிப்பதற்குப் பதினாறு வயது போதுமானது. ஆண், பெண் என்னும் வேறுபாடும் அதற்கில்லை.

உயர்திறன் என்னும் சொல் இயந்திரத்தின் நெற்றியில் எழுதப்பட்டிருக்கலாம். அத்திறனில் ஒரு பாதி உருளைக்குள் இருக்கிறது. மறுபாதி அதை நிரப்பும் கைகளில் இருக்கிறது. அளந்து இடுதல், பிரித்து இடுதல், நிறைத்துத் திணிக்காதிருத்தல் ஆகிய மூன்றையும் கைக்கொண்டால், குறைந்த நீரே நிறைந்த தூய்மையைத் தரும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் உடைகள் ஐந்தின் துணிச்சீட்டுக் குறியீடுகளை வரைந்து, அவற்றின் பொருளை எழுதுக.

2. உங்கள் பகுதியில் வெளுப்புத்தொழில் செய்தோரிடம் வெள்ளாவி முறை குறித்துக் கேட்டறிந்து, அவர்கள் பயன்படுத்தும் சொற்களைத் தொகுத்து வகுப்பறையில் வழங்குக.

3. 60 லிட்டர் நீரை ஒரே முறையாகவும், 20 லிட்டர் வீதம் மூன்று முறையாகவும் பயன்படுத்தி அலசினால் எஞ்சும் சவர்க்காரத்தின் அளவைக் கணக்கிட்டு ஒப்பிடுக. (துணியில் தங்கும் நீர் 5 லிட்டர் எனக் கொள்க.)

மதிப்பீடு

குறுவினா: பட்டுத் துணிக்கு நொதி கலந்த சலவைத்தூள் ஏன் ஏற்றதன்று?

சிறுவினா: வெள்ளாவி முறையைச் சின்னர் வட்டத்துடன் பொருத்திக் காட்டுக.

நெடுவினா: ‘உயர்திறனில் மறுபாதி அதை நிரப்பும் கைகளில் இருக்கிறது’ – இக்கூற்றைப் பாடப்பகுதிவழி நிறுவுக.